ஊறு என்னும் காவல்

தோற்றுவாய்

தொல்காப்பியர் தம் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுத்துக் காட்டுகின்றார். அவ்வகுப்பில் முதலிடம் பெறுவது கண்ணன்று, செவியுமன்று. உடம்பால் தொட்டறியும் அறிவே முதலாவது. சுவை, மோப்பம், பார்வை, கேள்வி, மனம் ஆகியன அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. பிற புலன்கள் யாவும் இல்லாத உயிர்க்கும் தொடுவுணர்வு உண்டு என்பது அவர் கருத்து.

இத்தொடுவுணர்வைப் பழந்தமிழ் 'ஊறு' என்னும் சொல்லால் குறிக்கும். அச்சொல்லை அகராதியில் தேடும் மாணவர் ஒரு வியப்பைக் காண்பர். தொட்டறியும் புலன் என்பது ஊறு என்பதன் ஒரு பொருள். தீங்கு, காயம் என்பது மற்றொரு பொருள். இடையூறு என்னும் வழக்கில் இப்பின்னைய பொருளே நிற்கின்றது. காவலையும் கேட்டையும் ஒரே சொல் குறிப்பதேன்? உறுதல், அஃதாவது வந்து பொருந்துதல், என்னும் வினையே இரண்டிற்கும் அடி. வந்து பொருந்துவது மலராயினும் முள்ளாயினும் அதனை முதலில் அறிவது தோலே. முன்னைய ஊறு இல்லாதார்க்குப் பின்னைய ஊறு தப்பாது வந்து சேரும்.

தமிழ்த்துறை மலரில் அறிவியல் கட்டுரைக்கு என்ன இடம் என வினவுவார்க்கு இச்சொல்லையே விடையாகத் தருகின்றோம். இழந்த தொடுவுணர்வை மீட்டுத் தர இன்றைய அறிவியலார் முயல்கின்றனர். வளையும் உணரிகள், உயிரினங்களைக் கண்டு கற்றுச் சமைத்த புதுப்பொருள்கள் என இருவகையாக அம்முயற்சி விரிகின்றது. அதனை எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலியறியாப் பாதம்

இத்துறையை யாம் நாடியதற்கு எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றே காரணம். எம் அத்தா இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோயாளர். ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்து வெளிவந்தவர், இடம் மாறிக் கிடந்த தம் செருப்பைத் தேடி வெயிலில் காய்ந்த கருங்கல் தளத்தின்மேல் சிறிது நேரம் நின்றிருக்கின்றார். அருகிருந்த இளைஞர்கள் காலை மாற்றி மாற்றி ஊன்றித் தவித்தபோது அவர் அமைதியாக நின்றார். அதனை அவர்தம் பொறுமை என்றே யாவரும் எண்ணினர். மாலையில், அவர் நடந்த தரையெல்லாம் ஈரமாக இருப்பதை எம் தங்கை கண்டாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளங்கால் முழுதும் கொப்புளங்கள் எழுந்து உடைந்திருந்தன. "வலிக்கவில்லையே அம்மா" என்றார் அத்தா. அச்சொல் எமக்கு ஆறுதலாக இருந்தது. மருத்துவர்க்கோ அதுவே அச்சமாக இருந்தது. புண் ஆற நான்கு திங்கள் ஆயிற்று. ஒரு விரலை இழக்கவும் நேர்ந்தது.

நெடுநாள் நீரிழிவு கால் நரம்புகளை நுனியிலிருந்து தாக்கி, உணர்வைச் சிறிது சிறிதாக அழித்துவிடுகின்றது. இதனைக் கண்டறிய மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்துவர். 10 கிராம் அளவு விசையில் அவ்விழை வளையும். அதனையும் உணராத பாதம் காவலற்ற பாதம் எனப்படும். நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023இல் வெளியான பெரும் ஆய்வு மதிப்பிட்டது. ஆதலின் எம் அத்தாவின் பாதம் ஓர் இல்லத்தின் செய்தி மட்டுமன்று.

வேலூரில் எழுந்த வினா

உணர்விழந்த உறுப்புக்குச் செயற்கையாக உணர்வூட்ட இயலுமா என்னும் வினாவுக்கும் தமிழ் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1914ஆம் ஆண்டில் தமிழ் மண்ணிலேயே பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்டு. இங்கிலாந்தில் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளர்க்குப் பணியாற்றினார். தொழுநோயால் தசையே அழுகி விரல்கள் உதிர்கின்றன என உலகம் நம்பியிருந்த காலம் அது. துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் அதனை எளிதில் திறந்ததையும், திறந்த அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும் அவர் தம் நூலில் எழுதியுள்ளார். விரல்களைத் தின்பது நோயன்று. வலி தெரியாமையே நாள்தோறும் காயங்களை விளைவிக்கின்றது என அவரும் அவர்தம் குழுவினரும் மெய்ப்பித்தனர்.

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, பொறியாளர் துணையுடன் ஒரு செயற்கை வலியமைப்பை உருவாக்க முனைந்தார். கையுறையில் அழுத்த உணரிகளைப் பொருத்தி, அழுத்தம் எல்லை கடந்தால் காதில் ஒலி எழச் செய்தார். ஒலியை நோயாளர் பொருட்படுத்தாதபோது மின் அதிர்ச்சி தந்து பார்த்தார். முயற்சி வெற்றி பெறவில்லை. உணரிகள் விலை மிகுந்தவையாகவும், வளைந்து வளைந்து விரைவில் பழுதுறுபவையாகவும் இருந்தன. அதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. வேண்டிய செயலைச் செய்து முடிக்கும் ஆவலில் நோயாளர்களே கருவியை நிறுத்திவிட்டனர்.

இத்தோல்வி இரண்டு வினாக்களை நமக்கு விட்டுச் சென்றது. தோலைப்போல் வளைந்தும் நீண்டும் உழைக்கும் உணரியை எவ்வாறு ஆக்குவது என்பது ஒன்று. உணரி தரும் எச்சரிக்கையை மனிதன் ஏற்கச் செய்வது எவ்வாறு என்பது மற்றொன்று. முன்னைய வினாவுக்கு அண்மை ஆண்டுகளில் அரிய விடைகள் பல கிடைத்துள்ளன. பின்னையது இன்றும் எளிதன்று.

வன்மையும் மென்மையும்

மின்னணுக் கருவிகளின் உயிர்நாடி சிலிக்கன் என்னும் குறைகடத்தி. அது கண்ணாடிபோல் நொறுங்குவது. நம் தோலோ முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீண்டு சுருங்குவது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்துவதே முதல் இடர்ப்பாடு.

தச்சர் பட்டறையில் இதற்கு ஒரு விடை உண்டு. தேக்குப் பலகையை வளைக்க முயன்றால் அது முறியும். அதே பலகையை இழைப்புளியால் இழைக்கும்போது எழும் சீவல் தானே சுருண்டு விழும். மரம் ஒன்றே, வேறுபட்டது கனம் மட்டுமே. ஒரு தகட்டின் கனம் பாதியானால் அதன் வளையா வன்மை எட்டில் ஒன்றாகக் குறையும். பத்தில் ஒரு பங்கானால் ஆயிரத்தில் ஒன்றாகும். சிலிக்கனையும் சீவல்போல் மெலிதாக்கினால் அதுவும் வளையும். நீள்வதற்கு வேறொரு வழி கண்டனர். மின்கம்பியை நேர்கோடாக இடாமல் பாம்பின் நெளிவுபோல் வளைத்து வளைத்து இட்டனர். இழுக்கும்போது நெளிவு நிமிருமேயன்றிக் கம்பி அறுவதில்லை. இவ்விரு வழிகளையும் இணைத்து, தோலின்மேல் ஒட்டுப்படம்போல் ஒட்டிக்கொள்ளும் மின்சுற்றை அமெரிக்காவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் ரோஜர்சின் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். சப்பானில் தோக்கியோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தக்காவோ சொமேயா அதற்கு முன்னரே, 2004இல், சிலிக்கனுக்கு மாற்றாகக் கரிமப் பொருள்களாலான திரிதடையங்களைக் கொண்டு, வளையும் அழுத்த உணரிப் பரப்பு ஒன்றை உருவாக்கியிருந்தார்.

வளைவது மட்டும் போதாது. வளையும் தாள் தோலாகிவிடாது. ஈ அமர்ந்தால் அறிதல், ஈரத்திலும் பற்றி நிற்றல், அறிந்ததை நரம்புக்கு உரைத்தல் ஆகிய பண்புகளும் வேண்டும். இவற்றைக் கற்க அறிவியலார் இயற்கையின் வாயிலை நாடினர்.

இயற்கை என்னும் ஆசான்

உயிரினங்களைக் கண்டு பொருள் சமைத்தல் முற்றிலும் புதிய நெறியன்று. 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சார்சு தெ மெசுத்ரால் வேட்டைக்குச் சென்று திரும்பியபோது, தம் ஆடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முள்ளின் நுனியில் கொக்கி இருந்தது. இன்று நம் பிள்ளைகளின் காலணியிலும் பையிலும் உள்ள ஒட்டுப்பட்டை அக்கொக்கியின் வழி வந்ததே.

தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பற்றின்மைக்கு உவமை கூறுவோம். தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்குச் செருமனியின் பான் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் வில்லெல்ம் பார்த்லாட்டு, நைனூசு என்பாருடன் இணைந்து 1997இல் விளக்கம் வெளியிட்டார். இலையின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதனால் நீர் உருள்கின்றது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அப்பரப்பு நுண்ணிய மேடுகள் நிறைந்தது. மேடுதோறும் மெழுகுத் துகள்கள் அடர்ந்துள்ளன. நீர்த்துளி மேட்டு நுனிகளை மட்டுமே தொட்டுக் காற்றின்மேல் அமர்கின்றது. உருளும்போது தூசியையும் உடன் கொண்டு செல்கின்றது.

இவ்விரு சான்றுகளாலும் ஓர் உண்மை புலனாகும். முட்காயும் இலையும் அரிய பொருளால் ஆனவையல்ல. எளிய பொருளை அமைத்த முறையே அவற்றின் சிறப்பு. பொருளை மாற்றுவதினும் வடிவை மாற்றுவது பயன் தரும் என்னும் இப்பாடமே செயற்கைத் தோலுக்கு அடிப்படையாயிற்று.

சிலந்தி கற்பித்த பாடம்

தொலைவில் இரை அசைந்தால் சிலந்தி அறிந்துவிடுகின்றது. அதன் கால் மூட்டுகளின் அருகே, வன்மையான மேலோட்டில் மெல்லிய பிளவுகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. யாழின் நரம்புகள்போல் வரிசையாக இருத்தலின் விலங்கியலார் இதனை யாழ் வடிவ உறுப்பு என்பர். மிகச் சிறிய அதிர்வு காலை அடைந்தாலும் பிளவுகள் விரிந்து சுருங்கும்; அடியிலுள்ள நரம்பு அதனை உணரும்.

தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இவ்வமைப்பைப் பின்பற்றி 2014இல் ஓர் உணரியை ஆக்கினர். மென்மையான பாலிமர் படலத்தின்மேல் 20 நானோமீட்டர் கனமுள்ள பிளாட்டினப் பூச்சைப் படியச் செய்தனர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பிறகு படலத்தை வளைத்துப் பூச்சில் வேண்டுமென்றே இணையான வெடிப்புகளை உண்டாக்கினர். வெடிப்பின் இரு கரைகளும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மின்னோட்டம் செல்லும். படலம் இம்மியளவு நீண்டாலும் கரைகள் விலகும். மின்தடை பன்மடங்கு உயரும். நீட்சிக்கு ஏற்ப மின்தடை எத்தனை மடங்கு மாறுகின்றது என்பதே இத்தகைய உணரியின் கூர்மைக்கு அளவுகோல். வழக்கமான உலோக உணரிக்கு அவ்வளவு ஏறத்தாழ 2. சிலந்தி கற்பித்த உணரிக்கோ 2000க்கும் மேல். மணிக்கட்டில் ஒட்டி நாடித் துடிப்பையும், கழுத்தில் ஒட்டிப் பேச்சொலியையும், வயலினில் ஒட்டி அதன் சுரங்களையும் அவர்கள் பிரித்தறிந்தனர்.

வெடிப்பைக் குறை எனக் கருதி விலக்குவதே பொறியியல் வழக்கம். அக்குறையையே கருவியாக்கலாம் எனக் காட்டியது ஒரு சிற்றுயிர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

ஈயின் எடையும் அறியும் தோல்

மனிதத் தோலில் தொடுவுணர்வுக்கெனப் பலவகை நுண்ணுறுப்புகள் உள்ளன. நிலைத்த அழுத்தத்தையும் பொருளின் விளிம்பையும் அறிவன சில. மெல்லிய வருடலையும் வழுக்கலையும் அறிவன சில. அதிர்வை அறிவனவும் தோலின் இழுப்பை அறிவனவும் வேறு. தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் சேருமிடம் சமதளமாக இராமல் மேடும் பள்ளமுமாகப் பின்னியிருத்தலின், மேலே உறும் அழுத்தம் குறித்த இடங்களில் குவிந்து உணர்வு மிகுகின்றது.

அமெரிக்காவின் சுடான்போர்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை செனான் பாவோவின் குழுவினர் 2010இல் வெளியிட்ட உணரியும் மேடுபள்ளத்தின் பயனை நன்கு காட்டுகின்றது. இரண்டு மின்தகடுகளுக்கு இடையே ஒரு ரப்பர்ப் படலத்தை வைத்தால் அது மின்தேக்கியாகும். அழுத்தினால் தகடுகள் நெருங்கும்; தேக்குதிறன் உயரும். அந்த உயர்வைக் கொண்டு அழுத்தத்தை அளக்கலாம். எனினும் சமதள ரப்பரை அழுத்தினால் அது எளிதில் ஒடுங்குவதில்லை. விட்டாலும் விரைந்து மீள்வதில்லை. எனவே ரப்பரை மிக நுண்ணிய கூம்புகளின் வரிசையாக வார்த்தனர். எகிப்தின் பிரமிடுகளை ஒத்த அக்கூம்புகளுக்கு இடையே வெற்றிடம் இருத்தலின் நுனிகள் எளிதில் நசுங்கி விரைவில் நிமிர்ந்தன. ஏறத்தாழ 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் ஈயை வைத்தபோதும் எடுத்தபோதும் உணரி அதனைக் காட்டிற்று. ஈண்டும் பொருள் மாறவில்லை, வடிவே மாறிற்று.

பற்றும் கலை

கூர்மையான உணரியும் தோலில் ஒட்டாது நழுவினால் பயனில்லை. வன்மையான பசையால் ஒட்டினால் எடுக்கும்போது தோல் கிழியும். நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியை நோக்குவோம். பசையின்றியே பற்றுகின்றது, நொடியில் விடுவித்துக்கொண்டு ஓடுகின்றது. பல்லியினத்தின் பெரியதொரு வகையை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கெல்லர் ஆட்டம், இராபர்ட்டு புல் முதலானோர், அதன் ஒற்றை நுண்மயிரின் பற்றுவிசையை அளந்து 2000இல் வெளியிட்டனர். ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகின்றது. அணுக்கள் மிக நெருங்கும்போது அவற்றிடையே இயல்பாகத் தோன்றும் மெல்லிய கவர்ச்சியே இங்குப் பற்றாகின்றது. தனித்தனியே சிறிதாயினும் கோடிக்கணக்கான நுனிகள் சேரும்போது அது பெருவிசையாகும். மயிரைச் சற்றே சாய்த்தால் பற்று விடும். இதனைப் பின்பற்றி ஆந்திரே கெய்ம் குழுவினர் 2003இல் நுண்மயிர் நிறைந்த ஒட்டுப்பட்டையை ஆக்கிக் காட்டினர்.

வியர்வையிலும் நீரிலும் பல்லியின் வழி போதாது. அதற்குக் கடல் உயிரினங்கள் வழி காட்டின. அலை மோதும் பாறையில் பற்றி நிற்கும் சிப்பியின் நார்ப்புரதத்தில் ஈரத்திலும் ஒட்டும் வேதிக்கூறு இருப்பதறிந்து, அதனையொத்த பூச்சை மெசர்சுமித்து குழுவினர் 2007இல் வெளியிட்டனர். எண்காலியின் உறிஞ்சுகுழிகளைக் கண்டு, ஈரத்தோலிலும் பசையின்றி ஒட்டும் பட்டையைத் தென்கொரியாவின் சங்க்யுங்குவான் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஆக்கினர்.

இவற்றால் யாருக்குப் பயன் என்பதற்கு ஒரு சான்று தருவோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் ஈரத்தாளினும் மெல்லியது. அதன் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளக்கப் பல கம்பிகளை ஒட்டி எடுக்கும்போதெல்லாம் அத்தோல் புண்படும். கம்பிகளின் இடையே கிடக்கும் மகவைத் தாய் எடுத்தணைப்பதும் அரிது. மார்பில் ஒன்று, பாதத்தில் ஒன்று என இரண்டே மென்பட்டைகளால், கம்பியின்றி அப்பணியைச் செய்யும் அமைப்பை ரோஜர்சு குழுவினர் 2019இல் வெளியிட்டனர். தாயின் மார்பில் குழந்தை கிடக்கும்போதே அளவுகள் கிடைத்தன. வளையும் உணரி மீட்டுத் தந்தவற்றுள் இத்தழுவலைச் சிறந்ததென்போம்.

நரம்பின் மொழி

நம் தோல் அழுத்தத்தை எண்களால் மூளைக்கு உரைப்பதில்லை, துடிப்புகளால் உரைக்கின்றது. மெல்லத் தொட்டால் துடிப்பு அரிது. அழுத்தினால் துடிப்பு மிகுதி. அதற்கான நுழைவாயில் எது என்பதும் அண்மையிலேயே தெளிவாயிற்று. மிளகாயின் எரிவையும் கொதிப்பின் வெம்மையையும் ஒரே புரதவாயில் உணர்கின்றது என டேவிட் சூலியசு குழுவினர் 1997இல் கண்டனர். அழுத்தத்தால் திறக்கும் புரதவாயில்களை ஆர்டம் பட்டபூசியன் குழுவினர் 2010இல் கண்டனர். இவ்விருவர்க்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. எம் அத்தாவின் பாதத்தில் கருங்கல்லின் வெம்மைச் செய்தி மூளைக்குச் செல்லும் பாதையே அழிந்திருந்தது என்பதை இதனைக் கற்றபோது உணர்ந்தோம்.

அப்பாதையைச் செயற்கையாக அமைக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. அழுத்தம் மிகமிகத் துடிப்பும் மிகும் உணரிச் சுற்றைப் பாவோ குழுவினர் 2015இல் ஆக்கினர். 2018இல் சோல் ஆய்வாளருடன் இணைந்து, செயற்கை நரம்பொன்றைக் கரப்பான்பூச்சியின் காலோடு இணைத்தனர். உணரியை அழுத்தியபோது கால் துடித்தது. 2023இல் 5 வோல்ட்டு மின்னழுத்தத்திலேயே இயங்கும் மென்தோலை ஓர் எலியின் மூளையோடு இணைத்தனர். தோலை அழுத்தியபோது செய்தி மூளைக்குச் சென்று, எலியின் கால் அசைந்தது. தொடுதலும் அதற்கு விடையிறுத்தலுமாகிய வட்டம் அங்கு முழுமை பெற்றது.

எஞ்சி நிற்கும் இடர்கள்

ஆய்வுக்கூடத்தின் வெற்றி உடனே இல்லத்தின் பயனாகிவிடாது. செயற்கைத் தோல் வியர்வையையும் வெயிலையும் தாங்க வேண்டும். பல இலட்சம் முறை வளைந்தும் பிழையற்ற அளவு தர வேண்டும். அதற்கு மின்னாற்றல் வேண்டும். தோல் மூச்சுவிடவும் வேண்டும். இறுதிக் குறையை நீக்கச் சொமேயா குழுவினர் 2017இல் நூலாம்படைபோன்ற பொன்வலை உணரியை ஆக்கினர். நீரில் கரையும் இழைகளின்மேல் பொன்னைப் படியவைத்துத் தோலில் இட்டு நீர் தெளித்தால், இழை கரைந்து பொன்வலை மட்டும் தோலில் படியும். 20 பேர் ஒரு வாரம் அணிந்தும் தோலில் அழற்சி தோன்றவில்லை. எனினும் இவற்றுட் பல இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளன. விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும். நம் ஊர்களில் வலியறியாப் பாதத்தோடு வெறுங்காலில் நடப்போர் வறியோரே.

பிராண்டின் இரண்டாம் வினா எஞ்சியுள்ளது. எச்சரிக்கையை மனிதன் ஏற்பானா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு நம்பிக்கை தருகின்றது. பாதப்புண் ஒருமுறை வந்து ஆறிய நீரிழிவு நோயாளர்க்கு, அழுத்த உணரிகள் பொருந்திய காலணி உள்தளம் தரப்பெற்றது. ஓரிடத்தில் அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் கைக்கடிகாரத்தில் எச்சரிக்கை தோன்றும். எச்சரிக்கை பெற்றோரிடம், பெறாதாரைவிடப் புண் மீளத் தோன்றுதல் 71 விழுக்காடு குறைந்திருந்தது. ஆய்வை நிறைவு செய்தோர் 58 பேரே ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் காலணியை நெடுநேரம் அணிந்து, கடிகாரம் சொன்னதைக் கேட்டு நடந்தோர்க்கே பயன் மிகுதி என்பது கருதத்தக்கது. கருவி சொல்லும், கேட்பது மனிதனே.

நிறைவாக

எம் அத்தா இன்று மென்காலணி அணிகின்றார். செயற்கைத் தோல் அவர் பாதத்திற்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆயினும் அப்பாதம் காவலின்றி இல்லை. இரவுதோறும் படுக்குமுன் எம் அன்னையார் அவர் காலைத் தம் மடிமேல் வைத்து, விளக்கொளியில் விரலிடுக்குகளைப் பார்த்து, உள்ளங்காலைத் தம் உள்ளங்கையால் மெல்லத் தடவி வருகின்றார். ஓரிடம் மட்டும் வெம்மையாக இருந்தால் மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றோம். ஒருவர் இழந்த ஊற்றை மற்றொருவர் கை ஈடு செய்கின்றது. நீரிழிவு உடைய பெரியோர் இருக்கும் இல்லந்தோறும் இப்பழக்கம் வேண்டும் என்பதே சமுதாயப் பெரியோர்க்கும் மாணவச் செல்வங்கட்கும் எம் பணிவான வேண்டுகோள். இதற்குச் செலவு ஏதுமில்லை. நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும்.

அறிவியல் பயிலும் மாணவர்க்கு மற்றொன்றும் உரைப்போம். சிலந்தியும் பல்லியும் தாமரையும் நம் வீட்டிலும் குளத்திலும் உள்ளவையே. அவற்றை நாம் உவமைக்கு ஆண்டோம். பிறர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். உவமை காணும் கண்ணும் ஆராயும் கண்ணும் ஒருவரிடமே அமைதல் கூடும். அவ்வாறு அமைந்த ஒருவர் நம் வகுப்பறைகளிலிருந்து எழுந்து, வறியவர் வாங்கத்தக்க விலையில் ஒரு காலணியை ஆக்கித் தருவாராயின், வேலூரில் எழுந்த வினாவுக்கு நம் மண்ணிலேயே விடை பிறந்ததாகும். அதுவரை உள்ளங்கை காக்கட்டும்.